டென்மார்க் மலைச்சிங்கத்தின் பால்பல்

டென்மார்க்கில் மலை கிடையாது. இருக்கிற மேடுகளில் பெயர்பெற்ற ஒன்றை வான்மலை என்று அழைக்கிறார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறினால், மூச்சு வாங்கத் தொடங்குமுன் உச்சி வந்துவிடும். மலையே இல்லாதபடியால் மலைச்சிங்கமும் இல்லை. மலைச்சிங்கக் கணிப்பீட்டுப் பணியகம் மட்டும் இருந்தது.

ஒடென்சே நகரின் ஓரத்தில், சிவப்புச் செங்கல் கட்டடம், மூன்று மாடி, உச்சியில் கொடி. அது பிறந்த கதை வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. ஊர் ஊராகப் போன சர்க்கஸ் ஒன்றின் வண்டி ஒருநாள் வளைவில் கவிழ்ந்தது. மிருகக் கூடு ஒன்றின் கதவு திறந்து கிடந்தது. அதற்குள் ஏதாவது இருந்ததா என்று அதிகாரிகள் கேட்டார்கள். சரியாக நினைவில்லை என்றார் சர்க்கஸ்காரர். ஒருவருக்குச் சரியாக நினைவில்லாத விஷயத்தைப் பொறுப்புள்ள அரசாங்கம் அப்படியே விட்டுவிட முடியாது. பணியகம் திறக்கப்பட்டது.

பணிப்பாளர் தோர்கில்ட் உயரமானவர், நல்லவர், எதைச் சொன்னாலும் எழுந்து நின்றுதான் சொல்வார். புதிதாக வந்தவர்களுக்கு அவரே முறையை விளக்குவார்.

“உயிருள்ள விலங்கை எண்ண முடியாது. அது ஓடும், ஒளியும், எண்ணியதையே திரும்ப எண்ண வைக்கும். செத்த விலங்கு ஒத்துழைக்கும். வேட்டைக்காரர்கள் எத்தனை சுட்டார்கள், அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, பல்லை அறுத்துப் பார்த்தால் என்ன வயது என்று தெரிந்தால் போதும். காட்டில் உயிரோடு நிற்பது எத்தனை என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுவிடலாம். சுருக்கமாகச் சொன்னால், உயிரோடு இருப்பவர்களைப் பற்றி நமக்குச் செய்தி தரக்கூடியவர்கள் இறந்தவர்கள் மட்டுமே.”

மலைச்சிங்கம் உள்ள தேசங்களில் இந்த முறைக்கு நல்ல பெயர் உண்டு. டென்மார்க்கில் ஒரு சிறு இடைஞ்சல்: இதுவரை யாரும் ஒன்றையும் சுடவில்லை. ஆகவே பணியகத்தின் சுவரில் வருடா வருடம் வரையப்பட்ட கோடு, தரையை ஒட்டிப் படுத்துக் கிடந்தது. தோர்கில்ட் அதைப் பெருமையோடு காட்டுவார். “உலகத்தில் வேறெந்த விலங்கின் தொகையும் இவ்வளவு ஒழுக்கமாக நடந்துகொண்டதில்லை.”

இந்தப் பணியகத்துக்குத்தான் எண்பத்தேழாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் மரியரட்ணம் அனுப்பப்பட்டான். மன்னார்த் தீவில் பேசாலைக்காரன். மனைவி அமலராணியையும் மகள் சுஜாந்தினியையும் விட்டுவிட்டு முந்தைய வருடம் டென்மார்க் வந்து அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டு, மறுமொழிக்குக் காத்திருந்தான். காத்திருப்பது என்றால் அவனுக்கு உட்கார்ந்திருப்பதல்ல. அறைக்குள் நடப்பான். நடந்து முடிந்ததும் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பான். பார்த்துவிட்டுத் திரும்ப நடப்பான். கீழ்வீட்டுக் கிழவர் நகராட்சிக்கு முறைப்பாடு செய்தார். நகராட்சி அவனைக் கூப்பிட்டு, மொழி பழகுவதற்காக என்று சொல்லி, காட்டுக்கு அனுப்பியது. மரங்களோடு எந்த மொழி பழகுவது என்று அவன் கேட்கவில்லை.

வேலை கைதட்டுவது. டென்மார்க்கில் வேட்டைக்காரர் காட்டின் ஒரு கரையில் துப்பாக்கியோடு சத்தமில்லாமல் நிற்பார். மறுகரையிலிருந்து கைதட்டிகள் வரிசையாக வந்து, தட்டியும் கத்தியும் விலங்கை அவர் பக்கம் கலைத்துக் கொடுப்பார்கள். மரியரட்ணத்துக்குப் பக்கத்தில் வரிசையில் வந்தவர் கனகசபை. மட்டக்களப்புக்காரர், எண்பத்துநாலில் வந்தவர், கிழமை நாளில் கோழித் தொழிற்சாலை, சனிக்கிழமை சிங்கம்.

“அண்ணை, எதைக் கலைக்கிறம்?”

“சிங்கத்தை.”

“இஞ்ச சிங்கம் நிக்குதோ?”

“இல்லை மனே.”

“அப்ப ஏன் தட்டுறம்?”

“தட்டாட்டி இல்லையெண்டு எப்பிடித் தெரியும்? கேள்வி கேட்காமத் தட்டு. கொஞ்ச நேரத்தில கோப்பி தருவாங்கள்.”

மாலையில் மரியாதை அணிவகுப்பு. தரையில் பச்சைக் கிளைகள் பரப்பி, சுட்ட விலங்குகளை அதன்மேல் ஒழுங்காகக் கிடத்தி, வேட்டைக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்க, கொம்பு ஊதுவது இந்த நாட்டு வழக்கம். மலைச்சிங்க அணிவகுப்பிலும் கிளைகள் பரப்பப்பட்டன. கிளைகளுக்கு மேல் எதுவும் இல்லை. எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். கொம்பு நீளமாக அழுதது. சவ அடக்கம் என்று எண்ணிய மரியரட்ணம் சிலுவை அடையாளம் போட்டு, குனிந்து ஒரு பிடி மண் எடுத்து, கிளைகளின்மேல் தூவினான்.

தோர்கில்டின் கண் கலங்கிவிட்டது. “வேலைக்கு வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. இந்த மனிதருக்கு நம் தரவின்மேல் எவ்வளவு மரியாதை!”

குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் அலுவலகம் கொப்பன்ஹேகனில் இருந்தது. மரியரட்ணம் மறுமொழி வராத ஒவ்வொரு முறையும் ரயிலும் கப்பலும் ஏறி அங்கே போனான். கனகசபை மொழிபெயர்க்கக் கூட வந்தார். அதிகாரி பிர்த்த அம்மையார் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மேசையில் எப்போதும் ஒரு மெழுகுதிரி எரியும்.

“உங்கள் விண்ணப்பம் மறுக்கப்படவில்லை,” என்றார். “நாங்கள் யாரையும் மறுப்பதில்லை. மறுத்தால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் அதை யாராவது வாசிப்பார்கள். உங்கள் விண்ணப்பம் கிடக்கிறது. அதற்கு ஒரு குறையும் இல்லை.”

“எவ்வளவு காலம் கிடக்குமாம்?” என்றான் மரியரட்ணம்.

கனகசபை கேட்டுவிட்டுச் சொன்னார்: “அதுக்குக் களைப்பு வந்தா எழும்புமாம்.”

“அங்க நிலைமை மோசம் எண்டு சொல்லுங்கோ அண்ணை. பிள்ளையோட தனிய நிக்கிறாள் எண்டு சொல்லுங்கோ.”

பிர்த்த அம்மையார் கரிசனையோடு தலையாட்டினார். “நிலைமையை அறிவியல் முறையில் கண்காணிக்கிறோம். ஒடென்சேயில் ஒரு பணியகம் இருக்கிறது, அவர்களுடைய முறைதான். உங்கள் மனைவியும் அங்கிருந்து கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்திருக்கிறார். அப்படியென்றால் உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருப்பவர்கள் விண்ணப்பித்தால் அங்கே ஆபத்து இல்லை என்று பொருள். இறந்தவர்கள் யாரும் இதுவரை விண்ணப்பிக்கவில்லை. அப்படியென்றால் அவர்களுக்குத் தேவை இல்லை என்று பொருள்.”

கனகசபை இதை மொழிபெயர்க்கவில்லை. மரியரட்ணம் விலாவில் இடித்த பிறகு, “நல்லா யோசிக்கினமாம்,” என்றார்.

போகும்போது அம்மையார் இன்னொன்றும் சொன்னார். மகளின் வயது நிரூபிக்கப்படவில்லை. ஞானஸ்நானப் பத்திரம் வந்திருக்கிறதுதான். ஆனால் அது காகிதம். உடம்போடு சம்பந்தப்பட்ட சான்று ஏதாவது வேண்டும்.

அந்தச் சான்று தானாகவே தபாலில் வந்தது. அமலராணி எழுதியிருந்தாள்:

“பிள்ளைக்கு முன்பல்லு விழுந்திட்டுது. கூரைக்கு மேல எறியச் சொல்லி ஒரே அழுகை. எந்தக் கூரைக்கு எறியிறது? ஹெலி வந்து குண்டு போட்ட நாளிலயிருந்து எங்களுக்குக் கூரை இல்லைத்தானே. இப்ப கோயில் பள்ளிக்கூடத்திலதான் கிடக்கிறம். கோயில் கூரைக்கு எறிஞ்சா பங்குச் சுவாமி ஏசுவார். அதால பல்லை உங்களுக்கு அனுப்புறன். அங்கத்தைக் கூரையில எறிஞ்சுவிடுங்கோ. அணில் நல்ல பல்லாக் குடுக்கட்டும்.”

கடதாசிக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு பல்.

மரியரட்ணம் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து கூரையைப் பார்த்தான். அடுக்குமாடி. கழுத்து வலித்தது. எறிந்தால் நாலாம் மாடிக்காரரின் யன்னலுக்குள்தான் போகும். அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

“அண்ணை, உடம்போட சம்பந்தப்பட்ட சான்று கேட்டவை எல்லோ?”

கனகசபை பல்லைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். “மனே, சொல்லுறதைக் கேள். எப்பிடியாவது கூரைக்கு எறிஞ்சுபோட்டு வா. இவங்களிட்ட இதைக் குடுக்காதை.”

“வயசைத்தானே பாக்கப் போகினம்?”

“பல்லைக் குடுத்தாப் பல்லைத்தான் பாப்பாங்கள். பிள்ளையைப் பாக்கமாட்டாங்கள்.”

மரியரட்ணத்துக்கு நிற்க நேரமில்லை. அடுத்த ரயிலில் போய் பிர்த்த அம்மையாரின் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் பல்லை வைத்தான். பெயர், பால், ஊர் மூன்றையும் எழுதிக் கொடுத்தான்.

அம்மையார் விதியைப் புரட்டினார். பல் வந்தால் அரசாங்கப் பல் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். அரசாங்கத்திடம் பல் அறுத்து வயது பார்க்கும் ஆய்வுகூடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மலைச்சிங்கக் கணிப்பீட்டுப் பணியகத்தின் இரண்டாம் மாடி.

அந்த ஆய்வுகூடத்துக்குத் திறந்த நாள்முதல் ஒரு பல்லும் வந்ததில்லை. அங்கிருந்த இரண்டு நிபுணர்களும் காலையில் வெள்ளை அங்கி போட்டு, கருவியைத் துடைத்து, மாலையில் அங்கியைக் கழற்றி வைத்தார்கள். இப்போது பல் வந்துவிட்டது. ஒருவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்றவர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார்.

அது மலைச்சிங்கத்தின் பல்தானா என்ற கேள்வி எழவில்லை. வேறு பல் அந்த மாடிக்கு வர அனுமதி கிடையாது. விலங்கு உயிரோடு இருக்கிறதா என்ற கேள்வியும் எழவில்லை. உயிருள்ள விலங்கு பல்லைத் தபாலில் அனுப்பியதாக அறிவியலில் பதிவு இல்லை. முடிவு வந்தது: மலைச்சிங்கம். பெண். வயது ஆறு. வேட்டையில் இறந்தது. இடம் மன்னார். வரைபடத்தில் தேடியும் மன்னார் கிடைக்காதபடியால், யூலாந்துக் குடாநாட்டின் வடக்கே ஏதாவது குக்கிராமமாக இருக்கும் என்று தீர்மானித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை காட்டுக்குப் போகவில்லை. கைதட்டிகள் எல்லாரும் மண்டபத்துக்கு அழைக்கப்பட்டார்கள். கொம்புகாரர் வந்திருந்தார். சுவரில் படுத்துக் கிடந்த கோடு முதன்முதலாக எழும்பி நின்றது. தோர்கில்ட் எழுந்து நிற்க விரும்பினார். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தபடியால் மேடையில் ஒரு பெட்டி வைத்து அதன்மேல் நின்றார்.

“எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். இல்லாததை எண்ணுகிறோம் என்றார்கள். இன்று ஒன்று இறந்திருக்கிறது. ஆகவே இன்றிலிருந்து அவை இருக்கின்றன!”

பலத்த கைதட்டல். தொழில் அதுவேயானபடியால் கைதட்டிகள் நன்றாகவே தட்டினார்கள்.

“ஆனால் மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு கவலை. வேட்டையில் பெண் விலங்கின் விகிதம் கூடினால் ஆபத்து, அளவுக்கு மிஞ்சிச் சுடுகிறோம் என்று பொருள். நம் நாட்டில் சுடப்பட்ட மலைச்சிங்கங்களில் நூற்றுக்கு நூறு பெண். அதுவும் இளசு. உலகத்தில் எங்கும் இப்படி ஒரு அழிவு பதிவானதில்லை. நம் பணியகத்துக்கு இன்னொரு மாடி தேவை.”

மரியரட்ணம் தட்டிக்கொண்டே கேட்டான். “என்னவாம் அண்ணை?”

“ஒரு குட்டியைச் சுட்டுப்போட்டினமாம்.”

“பாவம். எங்க?”

“பொட்டைக் குட்டியாம். ஆறு வயசாம்.” கனகசபையின் குரல் இறங்கியது. “மன்னாரிலயாம்.”

மண்டபத்தில் ஒரு சோடிக் கை மட்டும் நின்றுபோனது.

கொப்பன்ஹேகனில் பிர்த்த அம்மையார் அவனுக்காக மெழுகுதிரியை மாற்றி வைத்திருந்தார். “உங்கள் மகளின் மறைவுக்கு அனுதாபம். அறிக்கை வந்துவிட்டது. விண்ணப்பத்தில் இனி ஒருவர்தான்.”

“அவள் சாகேல்லை! பல்லு விழுந்தது! எல்லாப் பிள்ளையளுக்கும் விழுறது!”

கனகசபை மொழிபெயர்த்தார். இந்த முறை ஒன்றையும் விடவில்லை.

“புரிகிறது,” என்றார் அம்மையார். “தகப்பன் என்ற முறையில் நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள். ஆனால் எனக்கு வந்திருப்பது அரசாங்க ஆய்வுகூடத்தின் முடிவு.”

“சரி, செத்தது எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ,” என்று மரியரட்ணம் மேசையைப் பிடித்தான். “அப்ப அங்க ஆபத்து எண்டாவது ஒப்புக்கொள்ளுவியளோ? தாயையாவது கூப்பிடுவியளோ?”

அம்மையார் நேர்மையாக யோசித்தார். “ஒரு மரணம் ஒரு போக்கு ஆகாது. இன்னும் இரண்டொன்று வந்தால் பார்க்கலாம்.”

கப்பலில் திரும்பும்போது மரியரட்ணம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டே இருந்தான். கனகசபை பின்னால் போய்ப் போய்க் களைத்து, கடைசியில் நடுவில் ஒரு இடத்தில் நின்றுகொண்டு, அவன் கடக்கும்போதெல்லாம் ஒரு வசனமாகச் சொன்னார்.

“பணிப்பாளரிட்டப் போவம்.”

“அந்தாள் நல்ல மனிசன்.”

“பிழையை அவங்கள்தான் திருத்தவேணும்.”

“டேய் மனே, கொஞ்சம் நில்லடா.”

தோர்கில்ட் அவர்கள் சொன்னதை நின்றபடி கேட்டார். முகம் மெல்ல மெல்ல வெளிறியது. கதவைச் சாத்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக உட்கார்ந்தார்.

“திருத்த முடியாது,” என்றார். “இந்த நாட்டு மலைச்சிங்கத் தொகை முழுவதும் அந்தப் பல்லில்தான் நிற்கிறது.”

“எனக்கு இருக்கிறது ஒரே ஒரு பிள்ளை,” என்றான் மரியரட்ணம்.

வெளியே புது மாடிக்குக் கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு தோர்கில்டின் முகம் மலர்ந்தது. எழுந்து நின்றார்.

“அளவுக்கு மிஞ்சிச் சுட்ட இடத்தில் என்ன செய்ய வேண்டும்? வெளியிலிருந்து கொண்டுவந்து விட வேண்டும்! இளம் பெண் விலங்காக இருந்தால் நல்லது. விலங்கு இறக்குமதிக்கு அமைச்சிடம் அனுமதி கேட்டால் அந்த வாரமே தருவார்கள். அவர்களுக்கு விலங்குகள் என்றால் விருப்பம். குட்டியோடு பராமரிப்பாளர் ஒருவரும் வரலாம். தாய் என்றால் இன்னும் நல்லது. சுடப்பட்டது கணக்கில் இருக்கட்டும், வருவது புதியது. இரண்டு கணக்கும் பிழையாகாது.”

வெளியே வந்ததும் மரியரட்ணம் மதிலில் சாய்ந்தான். “அண்ணை, என்ர பிள்ளையைச் சிங்கமெண்டு எழுதட்டோ?”

“எழுது. சிங்கமெண்டபடியால் தப்பினாய். புலியெண்டு எழுதியிருந்தா உன்னையும் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருப்பாங்கள்.”

“பகிடி விடாதையுங்கோ.”

“பகிடி இல்லை மனே. மனிசராப் போட்ட விண்ணப்பம் கிடக்குதெண்டாங்கள். மிருகமாப் போட்டு நடக்குதோ எண்டு பாப்பம். பிள்ளை வந்தாப் போதும்.”

அமலராணியின் மறுமொழி சுருக்கமாக வந்தது. “எதெண்டாலும் எழுதுங்கோ. பாஸ்போட்டில பேர் மட்டும் பிழையா எழுதப்படாது.”

அனுமதி பறந்து வந்தது. விண்ணப்பித்ததற்கு நன்றி சொல்லி, பயணத்தில் குட்டிக்குப் போதிய தண்ணீர், காற்று, படுக்க வைக்கோல் கிடைப்பதை உறுதி செய்யுமாறு கேட்டிருந்தார்கள். இவ்வளவு அன்பான அரசாங்கக் கடிதத்தை மரியரட்ணம் அதற்கு முன் கண்டதில்லை. பிர்த்த அம்மையாரும் சந்தோஷப்பட்டார். இனி அது அவருடைய மேசைக்கு வராது.

கொப்பன்ஹேகன் விமான நிலையத்துக்கு தோர்கில்ட் கொம்புகாரரோடு வந்திருந்தார். ஒரு மிருக வைத்தியர், புது வைக்கோல் போட்ட கூடு, கையுறை போட்ட இரண்டு பேர். கதவு திறந்து அமலராணி வந்தாள். தோளில் பை, கையில் பிள்ளை. சுஜாந்தினி பச்சைச் சட்டை போட்டு, ரிபன் கட்டி, முகம் முழுக்கப் பவுடர் பூசியிருந்தாள். வைத்தியர் குனிந்து வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தாள். ஓட்டைக்குள் புதுப்பல் முளைத்திருந்தது. வைத்தியர் திருப்தியோடு எழுதிக்கொண்டு, காதில் குத்த வேண்டிய இலக்கத் தகட்டை, தாயின் பார்வையைக் கண்டுவிட்டு, ரிபனில் கட்டினார்.

“கடிக்குமா?” என்று கேட்டார்.

“அம்மா, இந்த மாமா என்ன சொல்லுறார்?”

“வாவெண்டு சொல்லுறார். வணக்கம் சொல்லு.”

பிள்ளை கைகூப்பியது. கொம்பு ஊதப்பட்டது. கூடு வெறுமனே வண்டியில் ஏறியது. அதற்குள் பிள்ளையை விட மரியரட்ணம் சம்மதிக்கவில்லை. பராமரிப்பாளரின் மடியும் விதிப்படி கூட்டுக்குச் சமம் என்று தோர்கில்ட் பெரிய மனதோடு தீர்ப்புச் சொன்னார்.

கப்பலில் வெயில் அடித்தது. சுஜாந்தினி தளத்தில் ஓடத் தொடங்கினாள். அவ்வளவு காலம் பள்ளிக்கூட அறைக்குள் படுத்துக் கிடந்த கால்கள், நிற்கவேயில்லை. கடற்பறவையைக் கலைத்தாள், கம்பியைச் சுற்றினாள், கொம்புகாரரின் காலுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தாள். அமலராணி சிரித்தாள். மரியரட்ணம் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அவனுக்குப் புதுமையாக இருந்தது.

தோர்கில்டும் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “அருமையாக ஓடுகிறாள்,” என்றார். “வேட்டைக்காரர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.”

கனகசபையின் வாய் மொழிபெயர்க்கத் திறந்து, அப்படியே நின்றது. பிறகு மெதுவாக டேனிஷில் கேட்டார்: “என்ன சொல்கிறீர்கள்?”

“தொகை இருந்தால் தரவு வேண்டும். தரவுக்கு வேட்டை வேண்டும். வரும் பருவத்துக்கு ஒன்று சுட அனுமதி எடுத்திருக்கிறேன். ஒன்றுதான். நாங்கள் பேராசைக்காரர் அல்ல.”

“என்னவாம்?” என்றாள் அமலராணி.

“குளிராம். பிள்ளைக்குத் தொப்பி போடட்டாம்,” என்றார் கனகசபை.

மரியரட்ணத்துக்கு இப்போது டேனிஷ் கொஞ்சம் விளங்கும். காட்டில் பழகிய சொற்களாகவே தோர்கில்ட் பேசியிருந்தார். அவன் எழுந்து, பணிப்பாளரிடமே அரைகுறை டேனிஷில் கேட்டான்: “எப்ப தொடங்குது?”

“அக்டோபர் முதலாம் திகதி.”

“அது வரைக்கும்?”

“அதுவரை?” தோர்கில்ட் இந்தக் கேள்வியால் மனம் புண்பட்டவர்போல நிமிர்ந்தார். “அதுவரை யாரும் அவளைத் தொட முடியாது. சுட முடியாது, கலைக்க முடியாது, அவள் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் சத்தம் போடவும் முடியாது. சட்டம் அவளை முழுமையாகப் பாதுகாக்கிறது.”

பிள்ளை பறவைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. மரியரட்ணம் அதைப் பார்த்தபடி நின்றான். அது பிறந்த நாளிலிருந்து, எந்த நாட்டின் எந்த அதிகாரியும் அக்டோபர் வரைக்கும் என்றுகூட அதற்கு ஒரு வாக்குக் கொடுத்ததில்லை. அவன் இரண்டு கையாலும் பணிப்பாளரின் கையைப் பிடித்து, தெரிந்த டேனிஷில் நன்றி சொன்னான்.